ரெண்டுமூடியாரின் லைசென்ஸ்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே தலையைச் சொறிவார். ரெண்டுமூடி என்று கேட்டுப் பாருங்கள், தெருமுனையில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வந்து வீட்டைக் காட்டும். வயதுக்கு மரியாதை கொடுத்து நாம் ரெண்டுமூடியார் என்றே வைத்துக்கொள்வோம்.

தொழில் பூச்சிமருந்து அடிப்பது. இருபத்தாறு வருஷமாக அது ஒன்றுதான். பழத்தோட்டம், காய்கறி வயல், கிடங்கு, கரையான் ஏறிய வீடு, யார் கூப்பிட்டாலும் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். டேங்கின் வாரில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு சிவப்பு மூடி. எந்தக் காலத்திலோ ஒரு பெரிய மருந்துப் புட்டியோடு வந்தது. புட்டி போய், அந்த மருந்தையே அரசாங்கம் தடை செய்தும் ஆயிற்று; மூடி மட்டும் ஓய்வு பெறாமல் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது. இலைப்பேனா? டேங்குக்கு ரெண்டு மூடி. காய்ப்புழுவா? ரெண்டு மூடி. கரப்பானா? அதற்கும் ரெண்டு மூடி. பால் மாதிரி இருக்கும் மருந்து, எண்ணெய் மாதிரி இருக்கும் மருந்து என்ற பாகுபாடெல்லாம் அவரிடம் கிடையாது. லேபிளைப் படித்துப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால், "அது மருந்தடிக்கத் தெரியாதவனுக்கு எழுதி வெச்சது" என்பார்.

தொழில் அவர் உடம்பிலும் கையெழுத்துப் போட்டிருந்தது. வலது கையில் மோதிர விரல் பாதிதான். மோட்டார் ஸ்ப்ரேயரின் பெல்ட் ஒரு மத்தியானம் மீதியைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? மறுநாளே கட்டோடு வேலைக்குப் போனார். முகமூடி போட மாட்டார், மூச்சு முட்டுதாம். மருந்து பீய்ச்சும் முனை, அதாவது நாசில், அடைத்துக்கொண்டால் கழற்றி உதட்டில் வைத்து ஒரே ஊது. அடைப்பு ஓடிவிடும். அந்த ஊதலில் அவருக்கு ஒரு தனிப் பெருமை. மற்றவர்கள் மூன்று தடவை ஊதுவதை இவர் ஒரே தடவையில் முடிப்பாராம். பெருமைப்பட வேண்டிய விஷயத்தைப் பாருங்கள்!

மருந்து கலப்பதும் தண்ணீர் தூக்குவதும் வீட்டம்மா. கல்யாணமான மறு மாதத்திலிருந்து கூடவே போகிறாள். முதல் வருஷத்திலேயே கையில் தோல் உரிந்தது. அன்றிலிருந்து பால் பாக்கெட்டுகளைக் கழுவிக் காயவைத்து இரண்டு கையிலும் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டுதான் மருந்தைத் தொடுவாள். ரெண்டுமூடியாருக்கு அது சிரிப்பாணி. "பொட்டலம் வந்துடுச்சு" என்று தோட்டம் முழுக்கக் கேட்கச் சொல்வார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

கை பிழைத்தது. ஆனால் முதுகில், வலது தோளுக்குக் கொஞ்சம் கீழே, அவள் கை எட்டாத இடமாகப் பார்த்து ஓர் அரிப்பு வந்து குடியேறியது. தடித்துச் சிவந்து கிடக்கும். டாக்டர் சோப்பை மாற்றச் சொன்னார், மாற்றினாள். துணியை மாற்றச் சொன்னார், அதையும் மாற்றினாள். களிம்பு ஒன்று எழுதிக் கொடுத்தார். தினமும் வேலை முடிந்து வந்ததும் ரெண்டுமூடியார்தான் அதைப் போட்டுவிடுவார். அதில் குறை சொல்ல முடியாது. ஆள் வாய்தான் நீளமே தவிர பெண்டாட்டி மேல் உயிர். அதை வெளியே சொன்னால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கிற ரகம். பாராட்டு, கொஞ்சல், சமாதானம் எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது ஒரே ஒரு முறை. முதுகில் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

இப்படி எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் மருந்துக் கடையில் போய் வழக்கமான புட்டியைக் கேட்டார். கடைக்காரர் புட்டியை எடுக்காமல் ஒரு நோட்டை எடுத்தார்.

"அண்ணே, லைசென்ஸ் அட்டை குடுங்க. நம்பர் எழுதணும்."

"என்ன அட்டை?"

"மருந்தடிக்கிறவங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற அட்டைண்ணே. சிவப்பு லேபிள் புட்டிய இனிமே அட்டை இல்லாம விக்கக் கூடாதாம். வித்தா என் கடைய இழுத்து மூடிடுவாங்க."

"ஏன்யா, இருபது வருஷமா என் மூஞ்சியப் பார்த்துத்தானே குடுத்தே? இப்ப மூஞ்சி மாறிடுச்சா?"

"மூஞ்சி மாறலண்ணே. சட்டம் மாறிடுச்சு. ரெண்டு நாள் பயிற்சி, அப்புறம் ஒரு பரீட்சை. உங்களுக்கென்ன, கண்ண மூடிக்கிட்டு எழுதிடுவீங்க."

ரெண்டுமூடியார் கடை அதிரக் கத்தினார். நான் மருந்தடிக்க ஆரம்பித்தபோது இந்தச் சட்டம் போட்டவன் தொட்டிலில் கிடந்தான் என்றார். கடைக்காரர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், புட்டியை மட்டும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் தோப்பு முதலாளியிடமிருந்து போன். நானூறு மரத் தோப்பு அது, இவருடைய வருஷத் தொழிலில் பாதி. "பிஞ்சு பிடிச்சிருக்கு, இன்னும் பதினஞ்சு நாளுக்குள்ள அடிச்சாகணும். ஆனா அட்டை இல்லாத ஆள உள்ள விட்டா எனக்கு அபராதம் போடுவாங்களாம். அட்டையோட வாங்க. இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளப் பார்த்துக்கிறேன்" என்றார். வேற ஆள் என்ற சொல் ரெண்டுமூடியாரின் நெஞ்சில் போய் இடித்தது. இருபத்தாறு வருஷத்தில் அந்தத் தோப்புக்குள் வேறு ஆள் காலை வைத்ததில்லை. அன்றைக்கே விண்ணப்பம் வாங்கிவிட்டார்.

விண்ணப்பத்தை வீட்டம்மாதான் நிரப்பினாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: மருந்தைக் கலப்பவர் யார்? வேறு ஒருவர் எனில் அவரும் பயிற்சிக்கும் பரீட்சைக்கும் வர வேண்டும்.

"அப்ப நானும் வரணும்" என்றாள்.

"நீ எதுக்கு? கலக்குறதுக்கு ஒரு பரீட்சையா? சரி, வா. சாப்பாட்டு டப்பாவ நீ தூக்கின மாதிரியும் இருக்கும்."

பயிற்சி ஓர் அரசு அலுவலகத்தின் மாடியில். மின்விசிறி மூன்று, அதில் சுற்றுவது ஒன்று. மருந்தடிக்கிறவர்கள் பதினெட்டுப் பேர் பள்ளிக்கூட பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பாடம் நடத்த வந்தது ஓர் அதிகாரியம்மா. குரலை உயர்த்தவே மாட்டார், எல்லாருக்கும் அதுதான் பயம். ரெண்டுமூடியார் கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அவர் ஒன்று சொன்னால் இவர் இரண்டு சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். வீட்டம்மா முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"டேங்குக்கு எவ்வளவு மருந்து ஊத்துவீங்க?" என்று அதிகாரியம்மா கேட்டார்.

"ரெண்டு மூடி!" என்றார் நம்மவர், பரீட்சையிலேயே முதல் மார்க் வாங்கிவிட்ட தோரணையில்.

"அந்த மூடியக் கொஞ்சம் குடுங்க ஐயா."

கயிற்றோடு கழற்றிக் கொடுத்தார். அதிகாரியம்மா அதில் தண்ணீர் நிரப்பி, அளவு கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றினார். முப்பத்தெட்டு மில்லி. இரண்டு மூடி எழுபத்தாறு. மேஜையிலிருந்த புட்டியின் லேபிளை வீட்டம்மாவைப் படிக்கச் சொன்னார். டேங்குக்கு இருபத்தைந்து மில்லி என்று அவள் படித்தாள்.

"மூணு மடங்கு" என்றார் அதிகாரியம்மா.

"அதான் நான் அடிச்ச தோட்டத்துல பூச்சி திரும்பி வர்றதே இல்ல!"

"தேனீயும் திரும்பி வர்றதில்லயே ஐயா."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. முதல் தடவையாக அந்தச் சிரிப்பு இவர் பக்கம் நிற்கவில்லை. "எல்லாம் காகிதத்துல படிச்ச பேச்சு" என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்துவிட்டு மூடியைத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை செயல்முறை. அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த செடி வரிசைக்கு ஆளுக்கொரு டேங்க் அடிக்க வேண்டும். மருந்து இல்லை, வெறும் தண்ணீர் என்று சொல்லியிருந்தார்கள். வெறும் தண்ணீருக்குக் கையுறையும் முகமூடியும் எதற்கு என்று ஆண்கள் எல்லாரும் அவற்றை மதில் மேல் அடுக்கி வைத்தார்கள். வீட்டம்மா மட்டும், கொடுத்த கையுறையை மாட்டி, முகமூடி கட்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நின்று, நிஜ மருந்தைக் கலப்பதுபோலவே கலந்தாள். தன் வரிசையைத் தானே அடித்தும் முடித்தாள். அவள் ஸ்ப்ரேயர் பிடித்து ரெண்டுமூடியார் பார்த்ததே இல்லை. கை இவ்வளவு நிதானமாகப் போகுமா என்று அவருக்கே ஆச்சரியம். "பரவாயில்லையே!" என்று, தன் டேங்கை நிரப்பிய ஈரக் கையாலேயே அவள் முதுகில் வழக்கமான தட்டு ஒன்றைத் தட்டிவிட்டுத் தன் வரிசைக்குப் போனார்.

பாதியில் அவர் நாசில் அடைத்துக்கொண்டது. கழற்றினார், உதட்டில் வைத்தார், ஒரே ஊது. பக்கத்தில் இருந்தவர் இன்னும் இரண்டாவது தடவையே ஊதிக்கொண்டிருந்தார். நம்மவர் அவரைப் பார்த்து ஒரு கண் சிமிட்டல். முடிந்ததும் ஆண்கள் எல்லாரும் கூட்டமாகப் பின்சுவர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தார்கள்.

பிறகு அதிகாரியம்மா எல்லாரையும் பழைய கோப்புகள் அடுக்கிய ஓர் அறைக்குள் கூப்பிட்டார். ஜன்னலில் கறுப்புத் துணி. கதவைச் சாத்தினதும் பட்டப்பகலில் கும்மிருட்டு.

"டேங்க்ல இருந்தது வெறும் தண்ணி இல்ல. ஒரு பொடி கலந்திருந்தோம், ஒண்ணும் பண்ணாது. பகல்ல கண்ணுக்குத் தெரியாது, இந்த விளக்குல தெரியும். மருந்தா இருந்திருந்தா எங்கெங்க பட்டிருக்கும்னு இப்பப் பாருங்க" என்று ஒரு ஊதா விளக்கைப் போட்டார்.

ஐயோ, அந்தக் காட்சியை என்னவென்று சொல்ல! வரிசையாக நின்ற பதினேழு ஆண்களுக்கும் கை, காது, கழுத்து என்று பச்சையாக மின்னியது. அது போகட்டும். பதினேழு பேருக்கும் கால்சட்டையின் முன்பக்கம், பட்டன் போடுகிற இடத்தில், ஒன்று தவறாமல் ஒரு விளக்கு எரிந்தது. பிறகு பதினேழு பேரும் ஒரே சமயத்தில் கையால் மறைத்துக்கொண்டார்கள். கையும் மின்னியதால் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"போறதுக்கு முன்னாடி கை கழுவணும்னு நேத்து சொன்னேன்" என்றார் அதிகாரியம்மா, கொஞ்சமும் சிரிக்காமல்.

விளக்கு ரெண்டுமூடியார் முகத்துக்கு வந்தது. உதடு இரண்டும் மீசையும் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. பல்லைக் காட்டினார், பல்லும் எரிந்தது. சற்று முன் மறைத்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வாய்ல எப்படி ஐயா?"

"அது... அடைச்சுக்கிச்சு. ஊதினேன்."

"தினமும் ஊதுவாரா அம்மா?"

"இருபத்தாறு வருஷமா" என்றது இருட்டில் வீட்டம்மாவின் குரல். அதில் குற்றம் சொல்கிற தொனிகூட இல்லை.

கடைசியாக அவள் முறை. விளக்கு மேலிருந்து கீழே வந்தது. நெற்றி, கழுத்து, கை, பாதம், எங்கும் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. "பாருங்க, இப்படி இருக்கணும்" என்றார் அதிகாரியம்மா. எல்லாரும் கை தட்டினார்கள். ரெண்டுமூடியாரும் மின்னும் கையால் தட்டினார்.

"அப்படியே திரும்புங்கம்மா."

திரும்பினாள். முதுகில், வலது தோளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கை எரிந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டு விரல், நடுவே பாதி மோதிர விரல்.

யார் கை என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பதினாறு பேரும் அவர் கையைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அந்த இடம் அவருக்குத் தெரியாத இடமா? கண்ணைக் கட்டிவிட்டாலும் களிம்பைச் சரியாக அங்கேதான் போடுவார்.

வீட்டம்மாவுக்குத் தன் முதுகு தெரியவில்லை. "என்னங்க, பட்டிருக்கா?" என்று கேட்டாள். அவர் அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். எத்தனை நாள், எத்தனை தட்டு! கலந்து முடித்தால் ஒரு தட்டு, தண்ணீர் கொண்டு வந்தால் ஒரு தட்டு, களைத்துப்போனால் எழுப்பிவிட ஒரு தட்டு. அதற்கு மேல் சாயங்காலம் அதே கையைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு, டாக்டர் களிம்பு. பால் பாக்கெட்டைக் கட்டிக்கொண்டு அவள் அத்தனை பாடுபட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாள். அவளிடம் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இவருடைய அன்பு. தூ, என்ன பிழைப்பு என்று தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

அன்று மாலையே பரீட்சை. முதல் கேள்வி, அளவை எதனால் அளக்க வேண்டும்? பழக்க தோஷம், மூடி என்று எழுதி அடித்தார். ஏழாவது கேள்வி, மருந்து மனித உடம்புக்குள் எந்தெந்த வழிகளில் போகும்? வாய், மூக்கு, கண், தோல் என்று நேற்று நடத்தியிருந்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த அவர் காதில் அது ஏறியிருக்கவில்லை. ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, என் கை என்று எழுதினார்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. வீட்டம்மா தேறிவிட்டாள். அவர் தோற்றுவிட்டார். செயல்முறையில் நாசிலை ஊதினதற்கே ஃபெயில், எழுத்துப் பரீட்சை பற்றிப் பேச வேண்டாம். மறு பரீட்சை மூன்று மாதம் கழித்துத்தான். அவளுடைய அட்டையில் அவள் படம் கொஞ்சம் பயந்த முகமாக இருந்தது. கீழே அரசு முத்திரை.

தோப்புக்கு இன்னும் ஏழு நாள். சட்டத்தில் ஒரு வழி இருந்தது, அதுவும் வீட்டம்மாவின் நோட்டில்தான் எழுதியிருந்தது: லைசென்ஸ் இல்லாதவர், லைசென்ஸ் உள்ளவர் கண்ணெதிரே நின்று சொல்கிறபடி மருந்தடிக்கலாம். ரெண்டுமூடியார் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் வீராப்பாக உட்கார்ந்திருந்தார். தெருவில் என்ன பேசுவார்கள் என்று நினைக்கும்போதே காது சுட்டது. மூன்றாம் நாள் தோப்பு முதலாளி போன் செய்தார்.

"அட்டை கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"உங்க பேர்லதானே?"

ரெண்டுமூடியார் அடுப்படிப் பக்கம் பார்த்தார். "இல்ல. வீட்டுல அவ பேர்ல. அவ மேற்பார்வை, நான் கூலி. சட்டப்படி சரிதான்."

எதிர்முனையில் சிரிப்பு வெடித்தது. காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார், ஆனால் வைத்துவிடவில்லை. சிரித்து முடித்துவிட்டு முதலாளி, "சரி, வாங்க" என்றார்.

இனி அவளைக் கேட்க வேண்டும். இவரே முடிவு செய்து முதலாளியிடம் சொல்லிவிட்டு, இப்போதுதான் அவளைக் கேட்கப் போகிறார் பாருங்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் பின்னால் போய் நின்றார். கை பழக்கத்தில் முதுகுப் பக்கம் போனது. பாதி வழியில் நிறுத்தி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"தோப்புக்கு வர்றியா?"

"நான் எப்பவும் வர்றவதானே?"

"இல்ல, இது... நீதான் சொல்லணும். நான் அடிப்பேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "வர்றேன். நான் சொல்றத எதிர்த்துப் பேசக் கூடாது. அந்த மூடி வரக் கூடாது."

"அது என்ன பண்ணுச்சு உன்னை?" என்று ஆரம்பித்தவர், என்ன பண்ணியது என்பது தனக்கே தெரியும் என்பதால் வாயை மூடிக்கொண்டார். கயிற்றை அறுத்து மூடியை அவளிடம் கொடுத்தார். காலி டப்பாவையும் மூடியையும் மறுபடி யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி ஓட்டை போட வேண்டும் என்று நோட்டில் இருந்தது. அவள் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்து நடுவில் ஓர் அடி அடித்தாள். இருபத்தாறு வருஷப் புகழ் டொக் என்று முடிந்தது.

தோப்பில் அன்று வேலைக்கு வந்த அத்தனை பேரும் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரெண்டுமூடியார் முகமூடி, கையுறை, நீளச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு நின்றார். "பொட்டலம் வந்துடுச்சு!" என்று ஒருவன் கத்தினான். அவர் சொல்லிக் கொடுத்த வசனம்தானே, யாரைக் கோபித்துக்கொள்வது? வீட்டம்மா அளவுக் குவளையை வெயிலில் தூக்கிப் பிடித்து, கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பார்த்து, இருபத்தைந்து மில்லி ஊற்றினாள். அவருக்கு அது மருந்தைக் காட்டி மறைக்கிற மாதிரி இருந்தது. எதிர்த்துப் பேசவில்லை.

பதினோராவது மரத்தில் நாசில் அடைத்துக்கொண்டது. கழற்றினார். கை தானாக மேலே போனது. முகமூடியில் இடித்து நின்றது.

"என்னங்க!" வரிசைக் கடைசியிலிருந்து ஒரே குரல். அவள் ஓடி வந்து தன் பையிலிருந்து ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து நீட்டினாள். அவருடைய நீலப் பிரஷ்.

"ஏய், இது என்னுது!"

"வாய்ல வெக்கிறதுக்கு நாசிலும் பிரஷ்ஷும் உங்களுக்கு ஒண்ணுதானேன்னு நெனச்சேன். வீட்டுல புதுசு வாங்கி வெச்சிருக்கேன்."

வரப்பில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் முகமூடிக்குள் சிரித்தார், வெளியே தெரியாததால் கௌரவத்துக்குக் கேடில்லை.

நானூறு மரமும் முடிய மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் அவர் அவளைத் தொடவில்லை. தண்ணீர் கொண்டு வந்தபோதும் தொடவில்லை, அளந்து முடித்தபோதும் தொடவில்லை. சாயங்காலம் வந்ததும் வாசலிலேயே உடுப்பைத் தனியாகப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வருவார். களிம்பையும் அவளே ஒரு கரண்டிக் காம்பில் தடவி எட்டிப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு மனசுக்குள் உறுத்தியது. அட்டை தன் பேரில் வந்ததில் மனுஷனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் போனது. ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், "இந்தக் களிம்பு இனிமே வேண்டாம் போலிருக்கு. அரிப்பே இல்ல" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலே, "அது சரி, நீங்க ஏன் இப்பல்லாம் முதுகுல தட்டுறதில்ல? என் மேல கோவமா?" என்று கேட்டாள்.

அந்த இருட்டறையில் அவள் முதுகில் என்ன தெரிந்தது என்று இதுவரை யாரும் அவளிடம் சொல்லவில்லை. ரெண்டுமூடியார் சொன்னார். கையைக் காட்டி, பாதி விரலைக் காட்டி, களிம்புக் கதை வரை ஒன்று விடாமல் சொன்னார். "நான்தான்மா உன் அரிப்பு" என்றார். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது, கௌரவம் எங்கே போயிற்றோ.

அவள் மடித்த துணியை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "கை கழுவிட்டீங்களா?" என்றாள்.

"குளிச்சப்பவே கழுவினேன்."

"சோப்பு போட்டா?"

அவர் எழுந்து குழாயடிக்குப் போய், நோட்டில் எழுதியிருந்தபடி சோப்பு போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, பாதி விரலையும் தேய்த்து, கழுவினார். மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து சோப்பு போட்டுக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினார். லைசென்ஸ்காரி புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள்.